காக்கானும் காக்காத்தியும்

திருவனந்தபுரம் என்றவுடன் நம்மவர் நினைவில் முதலில் எழுவது பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம். அடுத்து நவராத்திரி மண்டபமும் அங்கே முழங்கும் கருநாடக இசையும். 1829ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பேற்று 1846இல் மறைந்த சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு வீற்றிருந்த செய்தியைத் தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். அரண்மனைக் கலையைப் பற்றி எழுதியவர் பலர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அரண்மனைக்குள் நுழையாத ஒரு கூத்து. அதன் பெயர் காக்காரிச்சி நாடகம். திருவனந்தபுரம், கொல்லம் முதலிய தென்கேரள மாவட்டங்களின் ஊர்ப்புறத் திடல்களில் இரவு நேரங்களில் ஆடப்பட்டு வருவது. மலையாள நாட்டின் கூத்தாயினும், அதன் பாட்டிலும் பேச்சிலும் பாதி தமிழ் என்பதே நம் நேயர்களுக்கு அதனை அறிமுகம் செய்ய நம்மைத் தூண்டியது.

ஆட்டம் தொடங்கும் முறையே புதுமையானது. திரை விலகி நாயகன் தோன்றும் வழக்கம் இங்கே இல்லை. கையில் எரியும் பந்தத்தோடு காக்கான் என்பவன், மக்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவிலிருந்தே ஆடிக்கொண்டு வருகிறான். மிருதங்கமும் கஞ்சிராவும் கைத்தாளமும் முழங்குகின்றன. பிற்காலத்தில் ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது. அவன் ஆடுகளத்தை அடைந்தவுடன், பார்ப்பவர் பக்கத்திலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். அவர்தான் தம்புரான். ஊர்ப் பெரியவர், நிலத்துக்கு உடையவர் என்பது பொருள். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய், என்ன தொழில் தெரியும் என்று அவர் கேள்வியின்மேல் கேள்வியாகத் தொடுக்கிறார். காக்கான் ஒவ்வொன்றுக்கும் முதலில் பாடி ஆடுகிறான். பிறகு பேசி விளக்குகிறான். விளக்கும்போது வேண்டுமென்றே தவறாகப் பொருள் கொள்கிறான். தம்புரான் திருத்துகிறார். திருத்தத்தையும் அவன் திரித்து விடுகிறான். கூட்டம் நகைக்கிறது. பின்னர்க் காக்காத்தி வருகிறாள். பெரும்பாலும் காக்காத்தியர் இருவர். ஆடவரே பெண் வேடம் பூணுவது பழைய மரபு. இணையாக ஆடுவதும், ஊடுவதும், சண்டையிடுவதும், மறுபடி சேர்வதுமாக இரவு கழிகிறது.

கதை என்று கேட்டால் மிகச் சிறியது. சிவபெருமானும் பார்வதியும் கங்கையும் மண்ணுலகில் காக்காலர் குலத்தவராகப் பிறந்து ஊர் ஊராகத் திரிகின்றனர் என்பதே அது. காக்காலர் என்போர் பழைய திருவிதாங்கூரில் நிலையான ஊரின்றி அலைந்த மக்கள். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல்தொகுதி இவர்களைக் காக்கக் குறவர் என்போரோடு ஒன்றாக வைத்துப் பேசுகிறது. கைரேகை பார்த்தலும் காது குத்துதலும் இவர்கள் தொழில். ஆகவே காக்கானும் காக்காத்தியும் நம்முடைய குறவனுக்கும் குறத்திக்கும் உடன்பிறந்தவர்கள் என்று கொள்ளலாம்.

கதை சிறியதாக இருப்பது ஒரு குறையன்று. அதனால்தான் கேள்விக்கு இடம் கிடைக்கிறது. பாட்டுகள் மரபில் வந்தவை. அவற்றை ஆடுவோர் மனப்பாடமாக அறிவர். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வரும் உரையாடல் அந்த இரவில், அந்தத் திடலில் பிறப்பது. அந்த ஊரின் குளம் வற்றியது, வழியில் கண்ட சாராயக் கடை, தேர்தலில் தோற்றவர், புதிதாகப் பணம் வந்தவர், எல்லாம் அதில் புகும். தம்புரானாக நிற்பவர் கூட்டத்தின் சார்பில் கேட்பவர். கூட்டத்தின் நகைப்பு எந்தப் பக்கம் மிகுகிறதோ அந்தப் பக்கமே அடுத்த கேள்வி திரும்பும். எனவே இது இருவர் ஆடும் ஆட்டம் போலத் தோன்றினும் உண்மையில் மூவர் ஆடும் ஆட்டம்; மூன்றாமவர் பார்க்க வந்த மக்கள்.

மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மலையாளத்தில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடியும். தமிழில் கேட்ட கேள்விக்கு மலையாளத்தில் விடை வரும். இதனைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர் இரு மொழியாரிலும் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. திருவிதாங்கூரின் தலைநகராகப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தது இன்று தமிழகத்தில் உள்ள பத்மநாபபுரம். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதுவரை ஒரே அரசின் கீழ், ஒரே சந்தையில், ஒரே திருவிழாவில் இரு மொழியாரும் தோளோடு தோள் நின்றனர். அத்தகைய கூட்டத்தின் நடுவில் ஊர் சுற்றும் ஒரு குறி சொல்பவன் வேறு எந்த மொழியில் பேசுவான்? பம்பாயிலும் தில்லியிலும் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்கள், தம் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் கேட்கும் பேச்சை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

இனி இக்கூத்தின் உறவுகளைப் பார்ப்போம். திருவனந்தபுரத்து ஆட்டத்தைக் காணும் தமிழருக்கு உடனே நினைவு வருவது திருக்குற்றாலக் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய நூல் அது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என வழங்குவதாயிற்று. குறி சொல்லிப் பரிசு பெற்று வந்த சிங்கியைச் சிங்கன் காண்கிறான். அவள் உடம்பில் புதிதாக ஏறியிருக்கும் அணிகலன்கள் அவனுக்கு விளங்கவில்லை. காலில் கிடப்பது என்ன, இடையில் கிடப்பது என்ன என்று அஞ்சி அஞ்சிக் கேட்கிறான். அவள் எந்த நாட்டில் யாருக்குக் குறி சொல்லிப் பெற்றது என்று விடை கூறுகிறாள். கேள்வியும் விடையுமாக வளரும் இந்த இணையாட்டம் காக்காரிச்சி நாடகத்தின் அமைப்புக்கு மிக நெருங்கியது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர் மண்ணே என்பதை மறக்கலாகாது. மலையின் இரு பக்கத்திலும் ஒரே குறவன் நடந்திருக்கிறான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறிதன்று. குறவஞ்சியில் கேள்வியும் புலவருடையது, விடையும் புலவருடையது. சிங்கன் இன்று கேட்டதையே நாளையும் கேட்பான். 1944ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியபோது அந்நூலுக்குப் புதிய வாழ்வு கிடைத்தது. அதன் அழகும் கூடியது. எனினும் பார்ப்பவர் கைகட்டி அமர்ந்து சுவைப்பவராகவே இருந்தனர். காக்காரிச்சியிலோ கேள்வி பார்ப்பவர் பக்கத்திலிருந்து வருகிறது.

மலையாள நாட்டின் வேறொரு மரபோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சிலப்பதிகாரத்தின் நடுகற்காதையில், பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் ஒருவன் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். ஒரே உடம்பில் ஒரு பாதி இறைவனாக ஆட, மறு பாதியாகிய உமையின் அணிகள் அசையாதிருக்கும் அரிய ஆட்டம் அது. அந்தச் சாக்கையர் மரபே இன்றும் கேரளக் கோயில்களில் சாக்கியார் கூத்தாக வாழ்கிறது என்பர். சாக்கியார் கூத்திலும் உடனுக்குடன் புனையும் பேச்சு உண்டு. சபையில் இருப்பவர் யாராயினும், செல்வரோ அதிகாரியோ, அவரைச் சாக்கியார் எள்ளி நகையாடலாம். ஆனால் எதிர்த்துப் பேசுதல் மரபன்று. அம்பலப்புழைக் கோயிலில் மிழாவு கொட்டிய குஞ்சன் நம்பியார் ஒருநாள் சாக்கியாரின் நையாண்டிக்கு ஆளானார் என்றும், அங்கே வாய் திறக்க இயலாமையால் தாமே துள்ளல் என்னும் புதிய கலையைப் படைத்து விடை கொடுத்தார் என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒரு கேள்விக்கு விடை சொல்ல ஒரு தனிக் கலையையே படைக்க வேண்டியிருந்தது! காக்கானுக்கு அத்தொல்லை இல்லை. அவன் கூத்து முழுவதும் விடை சொல்வதே.

யார் கேட்கிறார், யார் விடை சொல்கிறார் என்பதைக் கருதும்போதுதான் இதன் வரலாற்றுப் பொருள் புலனாகிறது. இக்கூத்தை ஆடியவர்களுள் குறவர், புலையர், ஈழவர், கம்மாளர் எனப் பல குலத்தாரும் உண்டு, நாயர்களும் ஆடியதுண்டு. இவர்களிற் பலருக்குத் திருவிதாங்கூரின் கோயில் வாயில்கள் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளில் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகே திறந்தன. அதற்கு முன், உடையவர் எதிரே வந்தால் வழியை விட்டு விலகி நிற்க வேண்டிய நிலை பலருக்கு இருந்தது. அந்த நாட்டில், ஓரிரவு, ஊரற்ற ஒரு காக்கான் தம்புரானை நேருக்கு நேர் நோக்கி நிற்கிறான். தம்புரான் கேட்பதற்கெல்லாம் குறும்பாக விடை கூறுகிறான். அவன் உண்மையில் சிவன் என்பது ஊரார் எல்லாருக்கும் தெரியும். தம்புரானுக்கு மட்டும் தெரியாது. இதைவிடக் கூர்மையான ஓர் ஏற்பாட்டை ஒரு நாடகாசிரியர் தனியே உட்கார்ந்து எண்ணியிருக்க முடியுமா என்பது ஐயமே.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. பொழுது விடிந்தால் தம்புரான் தம்புரானே. வேடம் கலைந்தவன் பழையபடி கூலியாளே. சிரிக்க விட்டுச் சினத்தை ஆற்றும் வழி இது என்று சொல்வாரும் உளர். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வாயே திறவாதிருப்பதற்கும் ஓரிரவு வாய் திறந்து பேசிப் பழகுவதற்கும் வேறுபாடு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

பாலக்காட்டுப் பக்கத்துப் பொறாட்டு நாடகத்திலும் இதே அமைப்பைக் காண்கிறோம். அங்கும் தமிழ் கலந்த பாட்டு. அங்கும் குறவன் குறத்தி, வண்ணான் வண்ணாத்தி என இணை இணையாக ஆடுவோர். அங்கும் கேள்வி கேட்பதற்கென்றே ஒருவர். தமிழும் மலையாளமும் உரசும் இடங்களிலெல்லாம் கேள்விக்காரன் ஒருவன் முளைத்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஒருவர் பேச்சை மற்றவருக்கு விளக்க ஆள் வேண்டியிருந்த இடங்கள் அல்லவா அவை!

இதே இணை தமிழகத்தில் வேறு வழியில் சென்றது. கரகாட்டத்தோடு சேர்ந்தும் தனித்தும் ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்தில், காலப்போக்கில் ஆபாசப் பேச்சும் அசைவும் மிகுந்தன. அதைக் குறவர் குலத்தார் தங்கள் பெண்களுக்கு நேர்ந்த இழிவாகவே கண்டனர், முறையிட்டனர், மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளை வரை செய்தி சென்றது. 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்துக்குத் தடை விதித்தது. கலையைத் தடுப்பது சரியா என்று சிலர் வினவினர். அவ்வினாவுக்கு முன் கேட்க வேண்டிய வினா வேறு உண்டு. அந்த ஆட்டத்தில் குறத்திக்கு விடை சொல்லும் உரிமை எஞ்சியிருந்ததா? கூட்டம் கேட்டது, சீட்டி அடித்தது, அவள் இடுப்பை அசைத்தாள். அவ்வளவே. குறவஞ்சியின் சிங்கி, சிங்கன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தன் தொழிலின் பெருமையையே விடையாக வைத்தவள். அவள் பேச்சைப் பறித்துவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொண்ட ஆட்டத்துக்காக வருந்த நம்மால் இயலவில்லை.

காக்காரிச்சியும் இவ்வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. பிற குலத்தார் காக்காலராக வேடம் பூண்டு நகைப்பூட்டும்போது அந்நகைப்பு யாரைக் குறித்தது என்று உண்மைக் காக்காலர் கேட்டால், விடை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். தம்புரானைக் குறித்த நகைப்பாக அது இருக்கும்வரை ஆட்டம் தன் இயல்பில் நிற்கிறது என்று சொல்லலாம்.

நகரத்து நாடகக்காரர்கள் இத்தகைய கூத்துகளின் அருமையை உணர நெடுங்காலம் ஆயிற்று. 1970களில் காவாலம் நாராயணப் பணிக்கர் திருவனந்தபுரத்தைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவர் எழுதிய 'அவனவன் கடம்ப' என்னும் நாடகத்தைத் திரைப்பட இயக்குநர் ஜி. அரவிந்தன் அந்நகரின் அட்டக்குளங்கரைப் பள்ளி வளாகத்தில், மரங்களின் அடியில், திறந்த வெளியில் நிகழ்த்தினார். நாற்காலி வரிசையையும் திரைச்சீலையையும் விட்டு ஆட்டக்காரரும் பார்ப்பவரும் ஒரே மண்ணில் நின்ற அந்நிகழ்ச்சி மலையாள நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகப் பேசப்படுகிறது. ஊர்ப்புறத்துக் காக்கான் கேட்டிருந்தால், இதிலென்ன புதுமை என்று தம்புரானைத் திருப்பிக் கேட்டிருப்பான்!

புதுமையை நாடுவோர் நாடட்டும். நமக்குள்ள கவலை வேறு. அரை மணி நேரம் என்று அளந்து கொடுக்கும் கலைவிழா மேடையில் முதலில் வெட்டப்படுவது எதுவாக இருக்கும்? பாட்டு இருக்கும், ஆட்டம் இருக்கும், பந்தமும் இருக்கும். எழுதி வைக்காத அந்த உரையாடல்தான் போகும். ஒலிபெருக்கி மேடையில் இருப்பதால் தம்புரானும் மேடைக்கு ஏற வேண்டிவரும். ஏறியபின் அவர் கூட்டத்தின் ஆளாக இருக்க மாட்டார், நடிகருள் ஒருவராகிவிடுவார். வானொலிக்கும் இக்குறை உண்டு. நாம் பேசலாம், நேயர்கள் அங்கிருந்து கேள்வி போட இயலாது.

தென்கேரளத்துக் கோயில் திருவிழாக்கள் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் மிகுதி. அவ்வேளையில் திருவனந்தபுரம் வழியாக ஊருக்குச் செல்லும் நேயர்கள் ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் காக்காரிச்சி நாடகம் எங்கேனும் உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம். கிடைத்தால், முன்வரிசை நாற்காலியில் அமராமல், கூட்டத்தில் தம்புரான் எங்கே நிற்கிறார் என்று பார்த்து அவருக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது நல்லது. தமிழ் அங்கேதான் நன்றாகக் கேட்கும்.