டென்னிஸ் ஆடாதவனுக்கு டென்னிஸ் எல்போ

போன வருஷம் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. காபி டம்ளரைத் தூக்கினால் சுரீர்னு இழுக்கும். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு "டென்னிஸ் எல்போ" என்றார். "சார், நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை" என்றேன். சிரித்தபடி ஸ்டீராய்டு ஊசி போட்டார். மூணு நாளில் வலி போச்சு. மூணு மாசத்தில் திரும்பி வந்துச்சு, முன்னைவிட அதிகமா. அப்போதுதான் இதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

1873ல் ரூங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த வலியைப் பதிவு செய்கிறார். அவர் கட்டுரை டென்னிஸ் பற்றியதே அல்ல, எழுதுகிறவர்களுக்கு வரும் கைப்பிடிப்பு பற்றியது. லான் டென்னிஸுக்கு விங்ஃபீல்ட் பேடண்ட் வாங்கியது 1874ல். ஆக, ஆட்டத்துக்கு முன்னாடியே நோய் ஏட்டில் ஏறியாச்சு! 1882ல் மாரிஸ் என்பவர் லான்செட்டில் 'லான் டென்னிஸ் கை' என்று எழுத, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 'லான் டென்னிஸ் எல்போ' வந்தது. பேர் ஒட்டிக்கொண்டது. நம்மூரில் அதை வீடு வீடாகக் கொண்டுபோனவர் சச்சின். 2004ல் பல ஆட்டங்களைத் தவறவிட்டு, 2005ல் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

பேர் தப்புன்னா பரவாயில்லை. ஆனால் காரணத்தையும் ரொம்ப நாள் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். இது வெறும் அழற்சி, வீக்கத்தை அடக்கினால் போதும் என்ற எண்ணம். 1979ல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஆபரேஷனில் எடுத்த தசைநாரைப் பரிசோதித்து எழுதினார்கள். மணிக்கட்டை மேலே தூக்கும் தசை முழங்கையில் ஒட்டும் இடத்தில், நார்கள் சிதைந்து ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தன. அதாவது இது தேய்ந்துபோய், சரியாக ஆறாத நார். மணிக்கட்டைத் தூக்கியபடியே நாள் முழுக்க மவுஸ் பிடிப்பவனுக்கு ஏன் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

2002ல் லான்செட்டில் வந்த நெதர்லாந்து ஆய்வுதான் என் கண்ணைத் திறந்தது. 185 நோயாளிகள், மூணு குழு. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, சும்மா காத்திருந்தவர்களில் 32. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஊசி 69, பிசியோ 91, காத்திருந்தவர்கள் 83! என் மூணு மாசக் கதை அப்படியே அதில் இருந்தது. பக் வந்தால் எரர் மெசேஜை மட்டும் மறைக்கிற வேலையைத்தான் என் கையில் செய்திருக்கிறோம்.

இரண்டாவது ஊசி வேண்டாம் என்று பிசியோவிடம் போனேன். முன்னங்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிக்கணும். இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மெதுவாக இறக்கணும். பையைத் தூக்கினால் உள்ளங்கை மேலே பார்க்கணும். மேஜை உயரத்தையும் மாற்றினேன். நாலு மாசம் ஆச்சு. அலுப்பான வேலைதான், ஆனா வலி போய்விட்டது. (கை மரத்துப்போனாலோ, வீங்கினாலோ இதை நம்பி இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.)

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு வராததாடா? நீ ஸ்கூல் படிக்கிறப்போ போர்வை பிழிய முடியாம அழுதிருக்கேன்" என்றார். எந்த டாக்டரிடமும் போகவில்லையாம். துணி பிழிவதும் இந்த வலிக்குக் காரணமாகலாம் என்று இப்போதுதான் படித்திருந்தேன். பக்கத்து அறையிலேயே இருந்த நோயாளியை நான் கேட்டதே இல்லை.