கறளும் ஒரு சான்று: ஈசோ ஜென்கின்ஸின் வானும் வரலாற்றுப் பேணலும்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்பனவே எமது மனத்தில் முதலில் தோன்றுகின்றன. அரசரும் அரசாங்கங்களும் விட்டுச்சென்ற எழுத்துக்களைத் துணைக்கொண்டு கடந்த காலத்தை நோக்கிப் பழகிய எமக்கு, ஒரு வீட்டின் பின்வளவில் நாற்பது ஆண்டுகளாகக் கறளேறி நின்ற மோட்டார் வாகனமொன்றையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் எளிதன்று. ஆயினும் எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை ஆராய முற்படுவோருக்கு, அம்மக்கள் கையாண்ட பொருள்களே பல வேளைகளில் முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தைச் சேர்ந்த ஈசோ ஜென்கின்ஸ் என்பவருக்குச் சொந்தமாயிருந்த வொக்ஸ்வாகன் வான் அத்தகையதொரு சான்றாகும். நெடுங்காலம் கிடப்பில் இருந்த வாகனமொன்று கைக்குக் கிடைக்கும்போது அதனைப் புதுக்குவதா, கிடைத்தவாறே பேணுவதா என்னும் வினாவை அவ்வானின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இவ்வகை வாகனத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒல்லாந்து நாட்டு வாகன இறக்குமதியாளரான பென் பொன் என்பவர் தமது குறிப்பேட்டில் பெட்டி வடிவான ஒரு வாகனத்தைக் கோட்டுருவமாக வரைந்தார். பின்புறத்தில் இயந்திரம், முன்புறத்தில் சாரதி, இடையில் சுமைக்கான இடம் என்பதே அவர் கருத்து. 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜேர்மனியின் வொல்ஸ்பேர்க் தொழிற்சாலையில் அதன் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 1956இல் அவ்வுற்பத்தி ஹனோவர் நகருக்கு மாற்றப்பட்டது. நீரின்றிக் காற்றினாலேயே குளிர்விக்கப்படும் எளிய இயந்திரத்தைக் கொண்டிருந்தமையால் இவ்வான் சிறு வியாபாரிகளுக்கும் பெரிய குடும்பங்களுக்கும் ஏற்றதாயிற்று. 1951 முதல் வெஸ்ற்ஃபாலியா நிறுவனம் இதனுள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தி, வழியிலேயே தங்கி உறங்கிச் சமைத்து உண்ணத்தக்க முகாம் வானாகவும் இதனை ஆக்கியது. 1960களின் பிற்பகுதியில், ஊர்சுற்றும் அமெரிக்க இளைஞர்கள் தீட்டிய பூக்களோடும் சமாதானக் குறிகளோடும் இவ்வாகனம் உலகறிந்த சின்னமாயிற்று.

இச்சின்னமே ஒருவகையில் வரலாற்றை மறைப்பதாகவும் உள்ளது. வொக்ஸ்வாகன் வான் என்றதும் நீண்ட தலைமயிருடைய இளைஞரை எண்ணுவோர், அதே ஆண்டுகளில் அதே வாகனத்தை ஓட்டிச்சென்ற கறுப்பின விவசாயி ஒருவரை எண்ணுவதில்லை. ஈசோ ஜென்கின்ஸ் 1910ஆம் ஆண்டு சார்ள்ஸ்ரன் நகரை அடுத்துள்ள ஜோன்ஸ் தீவிலே பிறந்தார். நெல்லும் பருத்தியும் விளைந்த இக்கடலோரத் தீவுகளில், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தமக்கெனத் தனியான பேச்சுமொழியும் பண்பாடும் உடையோராய் வாழ்ந்துவந்தனர். நான்காம் வகுப்போடு பாடசாலையை விட்ட ஜென்கின்ஸ், மரக்கறி பயிரிட்டு நகரத்துச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்றார். அங்கே கடை வைத்திருந்த கிரேக்க வணிகரோடு பேசி வியாபாரம் செய்வதற்காகக் கிரேக்க மொழியையும் ஓரளவு கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் தீவின் கறுப்பினப் பிள்ளைகள் உயர்தரப் பாடசாலைக் கல்வி பெறவேண்டுமாயின் சார்ள்ஸ்ரன் நகருக்கே செல்லவேண்டியிருந்தது. அவர்களை ஏற்றிச்செல்வதற்கென ஜென்கின்ஸ் பஸ் வாங்கி ஓட்டத் தொடங்கினார். நகரத்தில் வேலைக்குச் செல்லும் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும் அதிலே பயணஞ்செய்தனர். அவர்களுள் ஒருவரான அலிஸ் வைன் என்னும் பெண், தமக்கு வாக்காளராகப் பதிவுசெய்ய விருப்பமிருப்பினும் வாசிக்கத் தெரியாது எனக் கூறி அவரது உதவியை நாடினார்.

அவ்விருப்பத்துக்குக் குறுக்கே நின்றது தென் கரோலைனாவின் 1895ஆம் ஆண்டு அரசியல் யாப்பு ஆகும். யாப்பின் ஒரு பகுதியை வாசிக்கவும் எழுதவும் வல்லவரே, அல்லது 300 டொலர் பெறுமதியான சொத்துக்கு வரி செலுத்தியவரே பதிவுபெறலாம் என அது விதித்தது. சட்டத்தின் சொற்கள் இனத்தைக் குறிப்பிடவில்லை. ஆயின் பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் இழந்து நின்றோர் யாரென்பதை அச்சட்டத்தை இயற்றியோர் நன்கு அறிந்திருந்தனர். ஜென்கின்ஸ் யாப்பின் பகுதிகளைத் தட்டச்சிற் படியெடுத்துப் பயணிகளிடம் கொடுத்தார். பஸ் நகரத்தை அடையுமுன் அவற்றை வாசித்து விளக்கினார். ஓடும் வண்டியே வகுப்பறையாயிற்று.

இம்முயற்சியே பின்னர் ஒரு பெரும் கல்வி இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1948இல் ஜென்கின்ஸ் தீவு மக்களைச் சேர்த்து முன்னேற்றக் கழகம் ஒன்றை அமைத்தார். 1954இல், ஆசிரியை செப்ரிமா கிளார்க்கின் தூண்டுதலால், ரெனெசி மாநிலத்தின் ஹைலான்டர் மக்கள் பாடசாலைக்குச் சென்று, முதியோருக்குப் படிப்பிக்க ஓரிடம் வேண்டுமெனக் கேட்டார். அதன் உதவியோடு பழைய பள்ளிக்கட்டடம் ஒன்று வாங்கப்பட்டது. வெள்ளையரின் கண்ணில் படாதவாறு முன்பக்கத்தில் கூட்டுறவுக் கடையும் பின்பக்கத்தில் வகுப்பறையும் அமைக்கப்பட்டன. 1957 ஜனவரியில் 14 மாணவரோடு முதல் வகுப்பு ஆரம்பித்தது. ஆசிரியத் தொழிலையே அறியாத, சிகையலங்காரம் செய்துவந்த பேர்னிஸ் றொபின்சன் அதனை நடத்தினார். சிறுபிள்ளைகளின் அரிச்சுவடியை விடுத்து, காசுக்கட்டளைப் படிவத்தையும் வாக்காளர் பதிவுப் படிவத்தையும் அவர் பாடநூலாகக் கொண்டார். குடியுரிமைப் பாடசாலை எனப்பட்ட இம்முறை, 1961இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமைதாங்கிய தென்னக கிறிஸ்தவ தலைமைத்துவ மாநாட்டினால் பொறுப்பேற்கப்பட்டுத் தென் மாநிலங்களெங்கும் பரவியது. 1965 ஓகஸ்ற் மாதத்தில் நிறைவேறிய வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுச் சோதனைகளை அம்மாநிலங்களில் நிறுத்திவைத்தது.

எமது ஆய்வுக்குரிய வொக்ஸ்வாகன் வான் 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. எனவே அது, யாப்பின் பகுதிகள் வாசிக்கப்பட்ட அப்பழைய பஸ் அன்று என்பதை இங்கு தெளிவாகக் கூறவேண்டும். வெற்றியின் பின்னும் ஓயாத பணிகளுக்கு உடன்சென்ற வாகனம் அது. அதன் பின்புறத் தகடுகளில் ஜென்கின்ஸ் ஒரு வாசகத்தை எழுதுவித்தார்: அன்பே முன்னேற்றம், பகைமையோ செலவு மிக்கது. அறவுரை போன்று தோன்றினும் இது ஒரு வியாபாரியின் கணக்கு மொழியாகும். பகைமையினால் ஒரு சமூகம் எத்துணை உழைப்பையும் திறமையையும் விரயமாக்குகின்றது என்பதைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றியவரின் அறிவு கண்டுகொண்டது. பின்னால் வரும் சாரதி எவராயினும் அதனை வாசித்தே தீரவேண்டியிருந்தது.

1972இல் ஜென்கின்ஸ் காலமானார். வான் குடும்பத்தினரின் வீட்டு வளவிலேயே நின்றுவிட்டது. சார்ள்ஸ்ரன் உப்புக்காற்றும் ஈரப்பதனும் மிக்க கடற்கரை நகரம். இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடுமிடத்துக் கறள் பிறக்கும். உப்பு அச்செயலை விரைவுபடுத்தும். கறள் இரும்பைவிடக் கூடிய கனவளவு கொண்டதாதலின், பூச்சின் அடியிலே பருத்து அதனை உரித்துத் தள்ளும். இவ்வாறே தகடுகள் அரிக்கப்பட்டன, வர்ணம் உதிர்ந்தது. 1989இல் ஹியூகோ சூறாவளி கரோலைனாக் கரையைத் தாக்கியபோது முன்னேற்றக் கழகத்தின் கட்டடமும் சிதைந்தது. ஆயினும் குடும்பத்தினர் வானைப் பழைய இரும்பாக விற்றுவிடவில்லை. இத்தகைய வாகனங்கள் பற்றிப் பேசுவோர் கண்டுபிடிப்பு என்னும் சொல்லைப் பெரிதும் விரும்புவர். ஜென்கின்ஸின் வான் எவராலும் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அதன் பெறுமதியை அறிந்தோர் அதனை ஒருபோதும் தொலைக்கவில்லை. நாடுதான் தாமதமாக அதன் பக்கம் திரும்பிற்று.

2014இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமான தேசிய நூதனசாலை, வாசகம் எழுதப்பட்ட பின்புறத் தகடுகளைப் பெற்றுக்கொண்டது. வாஷிங்ரனில் அந்நூதனசாலை 2016 செப்ரெம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. எஞ்சிய உடற்பகுதியை வரலாற்று வாகனச் சங்கம் என்னும் அமைப்பு பொறுப்பேற்றது. 2014இல் அச்சங்கம் ஆரம்பித்த தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டின் முதற் பதிவு, 1964இல் கட்டப்பட்டுப் பல்லாண்டுகள் கலிபோர்னியாவில் மறைவாகக் கிடந்த புகழ்பெற்ற பந்தயக் கார் ஒன்றாகும். பந்தயக் காருக்குக் கிடைத்த அதே தகுதி விவசாயியின் வானுக்கும் கிடைத்தது. 2019இல் தலைநகரின் தேசியத் திடலிலே, கண்ணாடிப் பேழையினுள் அவ்வான் காட்சிக்கு வைக்கப்பட்டது. கறள் நீக்கப்படவில்லை, புதுவர்ணம் பூசப்படவில்லை.

இம்முடிவு சரியானதா? நல்ல நிலையிலுள்ள, பல சாளரங்களையுடைய இவ்வகை வான்கள் இரண்டு இலட்சம் டொலருக்கு மேலாகவும் ஏலம்போயுள்ளன. எனவே கிடப்பிலிருந்து எடுக்கப்படும் எவ்வானையும், முகாம் வானையும், தொழிற்சாலையிலிருந்து அன்று வெளிவந்ததுபோல மினுக்கிவிடும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் தேய்ந்த கல்வெட்டொன்றைக் கண்ட ஆய்வாளன், எழுத்து விளங்கவில்லை என்பதற்காக உளியெடுத்து மீண்டும் செதுக்குவானா? செதுக்கினால் எழுத்துத் தெளிவாகும்; சான்று அழிந்துவிடும். வாகனத்தின் நிலையும் அதுவே. தேய்ந்த மிதிகட்டை, கிழிந்த ஆசனம், ஒட்டுப்போட்ட தகடு என்பன அதனைப் பயன்படுத்தியோர் எழுதிய வரிகளாகும். வொக்ஸ்வாகன் வான்களின் உள்ளே, உற்பத்தித் திகதியையும் வர்ணத்தையும் அனுப்பப்பட்ட இடத்தையும் குறியீடுகளால் கூறும் சிறு உலோகத் தகடொன்று உண்டு. தொழிற்சாலை எழுதிய வரலாறு அத்தகட்டோடு முடிந்துவிடுகின்றது. அதன் பின்னைய வரலாற்றை வாகனத்தின் மேனியே தாங்கியுள்ளது.

எதிர்வாதத்தையும் நோக்குதல் வேண்டும். ஓடுவதற்கென ஆக்கப்பட்ட பொருள் ஓடாது நிற்பின் அதன் பாதிப் பொருள் இழக்கப்படுகின்றது என்பர். இதில் உண்மை உண்டு. 1950இல் ஆக்கப்பட்டு, சோஃபி எனச் செல்லமாக அழைக்கப்படும் சுமை வான் ஒன்று, டென்மார்க் நாட்டு ஆர்வலர் ஒருவரால் முற்றாகப் புதுக்கப்பட்டு, 2014இல் ஹனோவரில் உள்ள வொக்ஸ்வாகன் சேகரிப்பைச் சென்றடைந்தது. அதனைக் குறைகூற இடமில்லை. ஏனெனில் சோஃபி, தொழிற்சாலை தன் ஆரம்பகாலத்தில் எதனை ஆக்கியது என்பதற்குச் சான்று. ஜென்கின்ஸின் வானோ, மக்கள் அதனைக் கொண்டு எதனைச் செய்தனர் என்பதற்குச் சான்று. ஆக்கத்துக்குச் சான்றானதைப் புதுக்கலாம். வாழ்வுக்குச் சான்றானதைப் பேணவே வேண்டும். எந்த வாகனத்திற் கைவைக்குமுன்னும் இது எதற்குச் சான்று என வினாவுதலே முதற்கடமையாகும்.

பேணல் என்பது வாளாவிருத்தல் அன்று என்பதையும் வலியுறுத்தல் வேண்டும். கவனிக்காது விடப்பட்ட வாகனம் ஈற்றில் மண்ணாகவே போகும். எடுத்த இடத்திலேயே படம்பிடித்துப் பதிவுசெய்தல், கழுவுமுன் உள்ளே கிடப்பனவற்றைக் குறித்தல், உதிரும் வர்ணத்தை ஒட்டிநிறுத்தல், கறள் மேலும் பரவாது காப்புப்பூச்சு இடல், ஈரப்பதனைக் கட்டுப்படுத்தல் என்பன பொறுமையான தொழில்களாகும். செய்வது இயன்றளவு குறைவாகவும், பின்னொருகால் நீக்கத்தக்கதாகவும், எழுத்திற் பதியப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். கட்டடங்களுக்கு 1964ஆம் ஆண்டு வெனிஸ் பட்டயம் வகுத்த இத்தகைய நெறிகளை வாகனங்களுக்கு ஏற்ப 2012ஆம் ஆண்டுத் தூரின் பட்டயம் எடுத்துரைத்தது.

எனினும் ஒரு குறை எஞ்சுகின்றது. வாசகத்தைத் தாங்கிய தகடுகள் நூதனசாலைக்குச் சென்றன; அவ்வாசகத்தைத் தெருவெங்கும் சுமந்துசென்ற உடல் அவற்றிலிருந்து பிரிந்தது. தகடுகள் கறளினின்றும் காப்பாற்றப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் சொல்லை மட்டும் காண்போர் அதனை ஓர் அழகிய பொன்மொழியாகக் கொண்டு திருப்தியுறக்கூடும். அரித்துப்போன உடலையும் காண்போரே, அச்சொல் எத்தனை பயணங்களின் பின்னால் நின்றது என உணர்வர். எழுத்தும் அதனைத் தாங்கிய கல்லும் சேர்ந்ததே கல்வெட்டு. அதுபோலவே இவ்வானின் வரலாற்றை எழுதுவோரும் வாசகத்தையும் கறளையும் ஒருங்கே வைத்து வாசித்தல் வேண்டும்.