கமீல் பார்மிசன்

கமீல் பார்மிசன் (பிறப்பு 1961) அமெரிக்கச் சூழலியலாளர். புவி வெப்பமடைவதால் உயிரினங்களின் பரவல் எல்லைகள் இடம் மாறுவதைக் களத்தில் அளந்து நிறுவியவர்களுள் முன்னோடி. 1995இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ‘நேச்சர்’ இதழில் தனியொருவராக அவர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை, ஒரு வண்ணத்துப்பூச்சியின் வாழிடம் முழுவதுமே வடக்கு நோக்கியும் மலை நோக்கியும் நகர்ந்துவிட்டதைக் காட்டியது. காலநிலை மாற்றத்தைப் பெரும்பாலும் வருங்காலக் கணிப்பாகவே பேசிவந்த காலம் அது. அதன் விளைவு ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்திருக்கிறது என்று ஒரு பூச்சியை வைத்து அவர் சொன்னார்.

அந்தப் பூச்சி எடித் செக்கர்ஸ்பாட் (யூஃபிட்ரையாஸ் எடித்தா). செம்மஞ்சள், கறுப்பு, வெண்மஞ்சள் கட்டங்கள் கொண்ட சிறகுடையது. மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவிலிருந்து கனடா வரை, கடற்கரைக் குன்றுகளிலும் உயர்மலைப் புல்வெளிகளிலும் சிறுசிறு கூட்டங்களாக வாழ்கிறது. பிறந்த புல்வெளியை விட்டு அதிக தூரம் பறக்காத இனம் இது. வலசை போகும் பூச்சியாக இருந்திருந்தால் அதன் இருப்பும் இன்மையும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும். எதையும் உறுதியாகச் சொல்ல முடிந்திராது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பால் எர்லிக்கும் அவருடைய மாணவர்களும் 1960 முதலே இதை ஆராய்ந்துவந்ததால் இதன் வாழ்க்கை முறையும் நன்கு தெரிந்திருந்தது. அந்த மரபில் வந்த மைக்கேல் சிங்கர் பின்னர் பார்மிசனின் கணவரும் நெடுநாள் ஆய்வுத் துணைவரும் ஆனார்.

அருங்காட்சியகச் சேகரிப்புகளிலும் பூச்சி ஆர்வலர்களின் குறிப்புகளிலும் இந்த இனம் முன்பு எங்கெல்லாம் காணப்பட்டது என்ற பதிவுகள் இருந்தன. 1990களின் முதற்பாதியில் பார்மிசன் அந்த இடங்களைத் தேடிச் சென்று, பூச்சி இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். வீடு கட்டியோ உழுதோ மேய்த்தோ அழிந்த இடங்களைக் கணக்கிலிருந்து நீக்கினார். உணவுச்செடி செழித்து நின்றும் பூச்சி மட்டும் இல்லாத இடங்களே அவருக்குச் சான்றாயின. இந்தக் கழித்தலில்தான் ஆய்வின் வலிமை அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். காலநிலையைத் தவிர மற்ற காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அகற்றிய பிறகும் ஒரு தெளிவான ஒழுங்கு எஞ்சி நின்றது. மெக்சிகோவை ஒட்டிய தெற்கு விளிம்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு கூட்டங்கள் மறைந்திருந்தன. கனடாப் பக்கம் அந்த அளவு 20 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. உயரத்திலும் அதே கதைதான். 2,400 மீட்டருக்குக் கீழே 40 விழுக்காட்டுக்கு மேல் அழிந்திருக்க, அதற்கு மேலே 15 விழுக்காடுகூட அழியவில்லை. எஞ்சிய கூட்டங்களின் சராசரி இருப்பிடம், பழைய பதிவுகளோடு ஒப்பிட்டால், வடக்கே 92 கிலோமீட்டரும் உயரே 124 மீட்டரும் தள்ளிப் போயிருந்தது.

இதற்காக எந்தப் பூச்சியும் வடக்கே பறந்து செல்லவில்லை. தெற்கிலும் தாழ்விடங்களிலும் கூட்டங்கள் மடிந்தன. வடக்கிலும் உச்சியிலும் இருந்தவை பிழைத்துக்கொண்டன. வரைபடத்தில் நகர்வாகத் தெரிவது தரையில் சாவுக் கணக்கு. ‘இடம்பெயர்வு’ என்னும் மென்மையான சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாழ்விடங்களில் பூச்சி மடியும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. வசந்தத்தில் முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள், நம் கடைகளில் விற்கும் இசப்கோலின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு குட்டைச்செடியையும் வேறு சில செடிகளையும் தின்று வளர்கின்றன. செடி காய்வதற்குள் போதிய அளவு வளர்ந்த புழுவே கோடை முழுவதும் உறங்கி, அடுத்த மழையில் விழித்தெழும். வெயிலும் வறட்சியும் முந்திக்கொண்டால் செடி முன்னதாகவே காய்ந்து, புழுக்கள் பட்டினியில் சாகின்றன. மலைகளில் ஆபத்து வேறு விதமாக வருகிறது. சியரா நெவாடாவில் பனி குறைந்த ஆண்டுகளில் பூச்சிகள் பூக்களுக்கு முன்பே வெளிவந்து தேனின்றி மடிந்ததும், 1992 ஜூனில் பருவம் தவறிய உறைபனியில் உணவுச்செடிகள் கருகியதும் பதிவாகியுள்ளன.

ஒரே ஓர் இனத்தை வைத்து உலகைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே ஐரோப்பிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வலசை போகாத 35 வண்ணத்துப்பூச்சி இனங்களின் பதிவுகளை பார்மிசன் ஆராய்ந்தார். 1999இல் வந்த முடிவின்படி, 20ஆம் நூற்றாண்டில் 63 விழுக்காட்டு இனங்கள் 35 முதல் 240 கிலோமீட்டர் வரை வடக்கே நகர்ந்திருந்தன. தெற்கே நகர்ந்தவை 3 விழுக்காடுதான். சூட்டி காப்பர் என்ற பூச்சி 1920களில் ஸ்பெயினின் கட்டலோனியாவிலுள்ள மொன்ட்செனிப் பகுதியில் சாதாரணமாகக் காணப்பட்டது; பின்னாளில் அதற்கு 50 கிலோமீட்டர் வடக்கே பிரனீஸ் மலைகளில் மட்டுமே தென்பட்டது. அதே பூச்சி 1998இல் முதன்முறையாக எஸ்தோனியாவுக்குள் நுழைந்தது.

பொருளியலாளர் கேரி யோஹேயுடன் 2003இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்றுவரை மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகிறது. 1,700க்கும் மேற்பட்ட இனங்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, பரவல் எல்லைகள் பத்தாண்டுக்குச் சராசரியாக 6.1 கிலோமீட்டர் துருவங்களை நோக்கி நகர்வதாகவும், பூத்தல், கூடுகட்டுதல் போன்ற வசந்தகால நிகழ்வுகள் பத்தாண்டுக்கு 2.3 நாள் முந்துவதாகவும் கணித்தது. இந்தச் சராசரிகளைவிட ஆழமானது அவர்கள் கையாண்ட ஒரு சோதனை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெப்பம் ஏறி, நடுவில் சற்றுத் தணிந்து, பிறகு மீண்டும் ஏறியது. உயிரினங்களை நகர்த்தியது உண்மையில் வெப்பம்தான் என்றால், அவை முதலில் வடக்கே சென்று, நடுவில் பின்வாங்கி, மறுபடி முன்னேறியிருக்க வேண்டும். நிலப் பயன்பாட்டு மாற்றம் இப்படி முன்னும் பின்னும் இழுக்காது. இவ்வாறு வெப்பத்துக்கேற்பத் திசை மாறும் தடயங்கள் 279 இனங்களில் கிடைத்தன.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைகளில் பார்மிசன் முன்னணி ஆசிரியராகப் பங்களித்துள்ளார். அக்குழு 2007இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. டெக்சாசிலும் இங்கிலாந்தின் பிளிமத்திலும் பணியாற்றிய அவர், அமெரிக்கா பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகும் முடிவை அறிவித்த 2017இல், பிரெஞ்சு அரசு காலநிலை ஆய்வாளர்களை அழைத்த திட்டத்தில் தேர்வாகி, பின்னர் பிரனீஸ் அடிவாரத்து மூலியிலுள்ள ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

சான்றை அதன் எல்லைக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பானவர். ஒவ்வோர் இனத்தின் ஒவ்வொரு வீழ்ச்சியிலும் மனிதர் உமிழ்ந்த வாயுக்களின் பங்கு எவ்வளவு என்று தனித்துப் பிரிக்க முயல்வது வீண் என 2011இல் சக ஆய்வாளர்களுடன் எழுதினார். வெப்பமும் வாழிட அழிவும் பின்னிப் பிணைந்தே உயிர்களைத் தாக்குகின்றன என்பது அவர்கள் வாதம். தானே நகர முடியாத இனங்களை மனிதரே ஏற்ற இடத்துக்குக் கொண்டுசென்று குடியேற்றுவதைப் பரிசீலிக்கலாம் என்று 2008இல் முன்வைத்தவர்களுள் அவரும் ஒருவர். புதிய மண்ணில் அந்த உயிர் என்ன செய்யும் என்ற அச்சத்தால் அந்த யோசனை இன்னும் சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது.

எடித் செக்கர்ஸ்பாட்டின் தென்கோடித் துணையினமான கீனோ, 1997இல் அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பாகா கலிபோர்னியாவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ நகரங்களின் பரப்புக்கும் நடுவே சிக்கிய அதற்கு வடக்கே வழியில்லை என்றே கருதினர். பின்னர் அது மலைச்சரிவில் மேலேறி, அங்கே வேறொரு செடியில் முட்டையிடத் தொடங்கியிருப்பதை பார்மிசனும் சிங்கரும் பதிவுசெய்தனர். அந்த மலைகளுக்கும் ஓர் உச்சி உண்டு என்பதால், இதைக் குறுகிய கால வெற்றி என்றே அவர்கள் மதிப்பிடுகிறார்கள்.