பெயர் மாறிய பதவியும் பதவி மாறிய பெயரும்: சிங்கப்பூர் அதிபர்

அரசியல் பதவிப் பெயர்களை மொழிபெயர்ப்போர் சொல்லுக்கு இணையான சொல்லைத் தேடுவர். மூலம் எந்த ஆண்டுக்கு உரியது என்பதைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. சிங்கப்பூர் நாட்டுத் தலைவரின் பதவிப் பெயர் வரலாறு அந்நோக்கின் தேவையை உணர்த்துகிறது.

1959 ஜூன் மாதம் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது ஆளுநர் பதவி நீங்கி, 'யாங் டி பெர்துவான் நெகாரா' என்னும் மலாய்ப் பெயருடைய பதவி தோன்றியது. இறுதி ஆளுநர் வில்லியம் கூட் முதல் ஆறு மாதம் அதனை வகித்தார். டிசம்பர் 3ஆம் நாள் யூசோப் பின் இஷாக் பொறுப்பேற்றார். இப்பெயரில் 'டி' என்பது செயப்பாட்டு முன்னொட்டு. 'துவான்' என்பது தலைவன். 'நாட்டின் தலைவராக ஆக்கப்பட்டவர்' என்பது சொற்பொருள். 'நெகாரா' வடமொழி 'நகர' என்பதன் மலாய் வடிவம். தமிழில் பேரூர் என்ற அளவில் நின்ற சொல் மலாயில் நாடு என விரிந்தது. நகரமே நாடாகிய சிங்கப்பூரில் இரு பொருளும் ஒன்றுபடுவது சுவையானது. அவர்தம் மாளிகையாகிய 'இஸ்தானா'வும் நமது 'ஆஸ்தான'த்தின் உறவே.

செயப்பாட்டு வடிவத்தைக் கொண்டு, அதிகாரமின்மை இலக்கணத்திலேயே அமைந்துள்ளது என்று கருதுவது பிழையாகும். உண்மையாகவே ஆட்சி புரிந்த மலாய் மன்னர்களும் 'யாங் டி பெர்துவான்' எனப்பட்டனர். குறைவு சொல்லில் இல்லை, அரசமைப்பில் இருந்தது. இப்பதவியினர் தம் கடமைகளுள் பெரும்பாலானவற்றை அமைச்சரவையின் அறிவுரைப்படியே ஆற்றினர்.

1963இல் மலேசியாவுடன் இணைந்த சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம், பிரிந்த நாள் முதலே செல்லுமாறு, அப்பதவியைப் 'பிரசிடென்ட்' என மாற்றியது. நியமிக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆனால் மனிதர் அதே யூசோப் இஷாக். மாளிகை அதே இஸ்தானா. கடமைகளும் ஏறத்தாழ அவையே.

1991இல் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. அவ்வாண்டின் திருத்தம் நாட்டுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்க வழி செய்ததோடு, முந்தைய அரசுகள் சேர்த்த நிதியிருப்பைச் செலவிடுவதிலும் முக்கிய நியமனங்களிலும் மறுப்புரிமையை அவருக்கு வழங்கியது. நாடாளுமன்றத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வீ கிம் வீ, எந்தத் தேர்தலையும் சந்திக்காமலே அவ்வதிகாரங்களைப் பெற்றார். 1993 ஆகஸ்ட் மாதம் நடந்த முதல் தேர்தலில் ஓங் டெங் சியோங் வென்றார். பதவியின் இயல்பு மாறியும் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தமிழ் அங்கு ஆட்சிமொழி நான்கனுள் ஒன்றாதலின் இது தமிழ்க் கலைச்சொல்லியலையும் சார்ந்த செய்தியாகும். சிங்கப்பூர்த் தமிழர் 'அதிபர்' என்பர். இந்தியாவில் 'குடியரசுத் தலைவர்' வழங்குகிறது. முன்பு 'ஜனாதிபதி' பெருவழக்கு. இலங்கையில் இன்றும் 'ஜனாதிபதி'யே. 'அதிபர்' அங்குப் பள்ளித் தலைமையாசிரியரைக் குறிக்கும். தமிழகத்திலோ அது ஆலை உரிமையாளரையும் அமெரிக்க நாட்டுத் தலைவரையும் ஒருங்கே சுட்டும். 'அதிப' என்னும் வேர் ஆளுகையைச் சுட்டுவது. 'தலைவர்' என்பதில் அவ்வழுத்தம் குறைவு. எனவே அதிகாரம் குன்றிய பதவிக்குத் 'தலைவர்' பொருந்தும் என வாதிடலாம். ஆயினும் ஒரு நாட்டுத் தமிழர் தம் ஆட்சிமொழியில் வழங்கும் பெயரை வெளியார் மாற்றுவது முறையன்று. இலங்கையில் 1972இல் வில்லியம் கோபல்லாவ வகித்த பெயரளவுப் பதவிக்கும், 1978 முதல் ஜெயவர்த்தனா வகித்த பேரதிகாரப் பதவிக்கும் பெயர் ஒன்றே. 'நிறைவேற்று அதிகாரமுள்ள' என்னும் அடைமொழியே அங்கு வேறுபாட்டைக் காட்டுகிறது.

சிங்கப்பூர் ஆவணங்களுக்கும் இம்முறை ஏற்றதே. 1959க்கும் 1965க்கும் இடைப்பட்டவற்றில் மலாய்ப் பெயரை ஒலிபெயர்த்தே எழுதுதல் தகும்; அங்கு 'அதிபர்' என இடுவது காலவழு. 1981 முதல் 1985 வரை பதவியிலிருந்த தேவன் நாயரும் 2023இல் மக்கள் வாக்கால் வந்த தர்மன் சண்முகரத்தினமும் 'அதிபர்' என்றே குறிக்கப்படுவர். முன்னவர்க்கு 'நாடாளுமன்றம் தேர்ந்த', பின்னவர்க்கு 'மக்கள் தேர்ந்த' என்னும் அடையை முதல் வருகையில் சேர்த்தல் போதும்.