வளரும் என்பு

கொலன்னாவைத் தொழிலாளிக்குக் காலே மூலதனம். 1951இல், சோவியத் சைபீரியாவின் குர்கானில் மருத்துவர் இலிசாரோவ் வளையச் சட்டமொன்றை அமைத்தார். வெட்டிய என்பை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வீதம் விலக்க, இடைவெளியிற் புதிய என்பு தோன்றிற்று. குறுகிய காலும் நீண்டது. ஒலிம்பிக் வீரர் புருமெலின் முறிந்த காலுக்கு 1968இல் அளித்த சிகிச்சையால் அவர் புகழ் பரவிற்று.

ஆயினும், புதிய என்பு இறுகும்வரை மாதக்கணக்கிற் சட்டத்தைச் சுமக்க வேண்டும். அதுவரை கூலி ஏது?

என்புமச்சையில் என்பாக்கும் கலங்கள் உண்டென்பதை 1960களில் சோவியத் அறிஞர் பிரீடென்ஸ்டைன் காட்டினார். யப்பானின் நகோயா ஆய்வாளர், நோயாளியின் மச்சைக் கலங்களை வளர்த்து, சிறுதட்டுக்கள் செறிந்த குருதித் திரவவிழையத்துடன் அவ்விடைவெளியிற் செலுத்தினர். குணமாகுங் காலம் குறுகியதென 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகளிற் கூறினர்.

காலத்தைக் குறைக்கும் வழியை விஞ்ஞானம் காட்டிவிட்டது. அது கூலிக்காரனின் காலையும் எட்டும்போதே இவ்வரலாறு நிறைவுறும்.