படுக்கையருகே நின்ற ஊழியம்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து நோயாளர் பணிவிடை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அருப்புக்கோட்டை. அதற்குக் கிழக்கே திருச்சுழி. கரிசல் மண்ணும், உவர்நீர்க் கிணறுகளும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் குண்டாறும் கொண்ட இவ்வட்டாரத்தை வானம் பார்த்த பூமி என்பர். இங்குள்ள திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் யார் முதலில் வந்தார், எந்த ஊர் சுவிசேஷத்தை ஏற்றது, எந்த ஆண்டில் ஆலயம் எழுந்தது என்பவற்றை ஓரளவு குறித்து வைத்துள்ளனர். வாந்திபேதி கண்ட வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்தவர் யார், படுக்கைப்புண்ணைக் கழுவியவர் யார் என்பது குறிக்கப்படவில்லை. போதகர்களாகிய நாம் நாள்தோறும் நோயாளரைச் சந்திக்கச் செல்கிறவர்கள். ஆகையால் இந்த விடுபாடு நம்மையும் நம் ஊழியத்தைப்பற்றிய எண்ணத்தையும் தொடுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தமிழ் மரபைக் காண்போம். திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் (950), மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒருவராக உழைச்செல்வானையும் எண்ணுகின்றது. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருப்பவர் என்பதே அப்பெயரின் பொருள். மருத்துவர், மருந்து, நோயாளி ஆகிய மூன்றோடு ஒப்ப நான்காவதாக அவர் வைக்கப்பட்டுள்ளார் என்பது கருதத்தக்கது. உரையாசிரியர் பரிமேலழகர் அவருக்கு நான்கு தகுதிகளைக் கூறுகிறார்: நோயாளிமேல் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியபடியே செய்யும் வன்மை, அறிவு. சரக சங்கிதையும் பணிவிடை செய்வோருக்கு அன்பு, தூய்மை, திறமை, பணியறிவு ஆகியவற்றையே வேண்டுகின்றது. அன்பு இருந்தால் அறிவு வேண்டாம் என்றோ, அறிவு இருந்தால் அன்பு வேண்டாம் என்றோ நம் முன்னோர் எண்ணவில்லை. ஆயினும் நூல் ஒன்று சொல்ல, ஊர் வேறு செய்தது. சீழையும் மலத்தையும் இரத்தத்தையும் தொடும் வேலை தீட்டாகக் கருதப்பட்டுத் தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்டோரின் தலையில் சுமத்தப்பட்டது. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, வேண்டிய நேரத்தில் அழைக்கப்பட்டுப் பின்னர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். நோயாளர் பணிவிடையின் வரலாற்றை எழுதுகிறவர் சாதியின் வரலாற்றைத் தவிர்க்க இயலாது.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்தது. ஹொய்சிங்டன், டாட் ஆகிய இருவரும் அவ்வாண்டு ஜூலையில் யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவர் சிலருடன் மதுரை வந்தனர். 1850-களில் அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள மண்டபசாலை இம்மிஷனின் தளங்களுள் ஒன்றாக விளங்கியது. அதே காலத்தில், தாய் மிஷனாகிய யாழ்ப்பாணத்தில் 1847-இல் பணி தொடங்கிய மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, அங்காதிபாதம் முதல் பிரசவ வைத்தியம் வரை பல நூல்களைத் தமிழில் தந்தார். நோயாளிக்குப் புரியும் மொழியிலேயே மருத்துவம் நடைபெறவேண்டும் என்னும் அவரது கொள்கையை இன்றும் நம் மருத்துவமனைகள் முழுமையாகக் கைக்கொண்டன என்று சொல்வதற்கில்லை. கிறீனுடைய நூல்கள் மருத்துவரை உருவாக்க எழுந்தவை. படுக்கையருகே இருப்பவரை உருவாக்கும் எண்ணம் நம் நாட்டு மிஷன் வட்டாரங்களில் பின்னரே வலுப்பெற்றது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இக்கரிசல் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இன் தொடக்கத்தில் அரசின் சார்பில் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். அவ்வளவு உணவில் உழைக்கும் உடல் நில்லாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்துரைத்தார். பஞ்சத்தின் பின்னாலேயே வாந்திபேதியும் அம்மையும் வந்தன. பசியால் மட்டுமன்றி, பசியால் இளைத்த உடலில் புகுந்த நோயாலும் மக்கள் திரள்திரளாக மாண்டனர். திருச்சுழியில் 1879-இல் பிறந்து, பின்னர் மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் பயின்ற ரமணரை உலகம் அறியும். அவர் பிறப்பதற்குச் சற்றுமுன் அம்மண்ணில் மாண்டவர்களின் பெயர்களை அறிவார் எவருமிலர்.

மானாமதுரையில் பணிபுரிந்த கேப்ரன் ஐயர் 1876-இல் காலமானபின், அவர் மனைவியார் மதுரைக்கு வந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் நடத்தினார். கூடவே வேதாகம ஸ்திரீகளை வீடுவீடாக அனுப்பும் பணியையும் வளர்த்தார். மருத்துவப் பட்டம் பெறாத ஒரு பெண்மணியின் கையிலும், அவரோடு நடந்த தமிழ்ப் பெண்களின் கையிலும் அப்பணி இருந்தது. வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் சென்ற வேதாகம ஸ்திரீயின் கண்ணில் அவ்வீட்டின் மூலையில் கிடந்த நோயாளியும் படாமல் இருந்திருக்க முடியாது.

இங்கே பிளாரன்ஸ் நைட்டிங்கேலைப்பற்றி ஒரு வார்த்தை. நம் பிரசங்கங்களில் அவர் விளக்கேந்தியே வருகிறார். அவருடைய கணக்கேட்டை நாம் மறந்துவிட்டோம். கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் 1855 பிப்ரவரியில் சேர்ந்தோருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். கழிவுநீர்க் கால்வாய்களும் காற்றோட்டமும் சீர்செய்யப்பட்டபின், ஜூனில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. அன்பான செவிலியர் பிப்ரவரியிலும் அங்கே இருந்தனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கண்ணீர் மட்டும் நோயாளியைக் காப்பதில்லை என்பதை நைட்டிங்கேல் எண்களைக்கொண்டு கற்றார். இந்தியாவுக்கு ஒருபோதும் வராத அவர், 1878-இல் இந்திய மக்களின் பஞ்சத்தையும் கடன்சுமையையும் நீர்ப்பாசனக் குறைவையும்பற்றிக் கடுமையாக எழுதினார். செவிலியின் கடமை வார்டின் வாசலோடு முடிவதில்லை என்பது அவர் கொள்கை.

1885-இல் மருத்துவர் பாலின் ரூட் அம்மையாரும், 1888-இல் மருத்துவர் பிராங்க் வான் ஆலனும், 1895-இல் மருத்துவர் ஹாரியட் பார்க்கர் அம்மையாரும் மதுரைக்கு வந்தனர். வான் ஆலனின் மருத்துவமனைக்குக் கிறிஸ்தவரல்லாத செல்வர் பலர் பொருளுதவி செய்தனர். கொடைக்கானலில் ஒரு மருத்துவமனை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்து நோயாளிக்கு மதுரை என்பது மாட்டுவண்டியில் ஓர் இரவுப் பயணம். அல்லது விருதுபட்டி வரை வண்டியில் சென்று அங்கிருந்து இரயிலேறவேண்டும். அருப்புக்கோட்டைக்கு இரயில் வந்தது 1960-களில்தான். இத்துணைத் தொலைவைக் கடந்து, பெரும்பாலும் கடைசி நிலையில், வந்து சேர்ந்த நோயாளியை வண்டியிலிருந்து இறக்கியவர்கள் மருத்துவர் அல்லர். அவருடைய அழுக்குத் துணியைக் களைந்து, உடலைத் துடைத்து, வாயைக் கழுவி, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, நாடியையும் காய்ச்சலையும் எழுதிவைத்து, உடன்வந்த உறவினருக்கும் அவற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் செவிலியர். அறுவை மருத்துவரின் ஒரு மணி நேர வேலை பிழைப்பதும் பொய்ப்பதும் அடுத்த ஏழு இரவுகளில் அவர்கள் கையில் இருந்தது.

இப்பணிக்கு வந்த பெண்கள் யார்? தொடக்க காலத்தில் மேல்சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. அந்நிய ஆடவரின் உடலைத் தொடுவதும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதும் இழுக்கெனக் கருதப்பட்டன. எனவே கிறிஸ்தவப் பெண்களே, அவர்களுள்ளும் ஏழைகளும் விதவைகளும் பெற்றோரற்றோருமே மிகுதியாக வந்தனர். இதைச் சபை பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அதே சபையார் தம் மகனுக்குப் பெண் தேடும்போது, நர்ஸ் என்றால் தயங்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அத்தயக்கம் அடியோடு நீங்கியதற்கு, நம் மக்களின் மனமாற்றத்தைவிட, வெளிநாட்டு வேலையும் சம்பளமும் பெரிய காரணம் என்பது என் கருத்து.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1946-இல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். அதே ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. அதுவரை மருத்துவருக்குக் கைத்துணையெனக் கருதப்பட்டவர், தமக்கென ஓர் அறிவுத்துறை உடையவர் என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

பணிவிடையை மருத்துவத்தினின்று பிரித்துத் தாழ்வாக எண்ணுவோருக்கு 1971-இல் நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். வங்கதேசப் போரினால் பெயர்ந்து வந்த அகதிகளிடையே பன்காவ் என்னுமிடத்தில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் சோடா உப்பையும் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரையே வாய்வழி புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 3.6 ஆகக் குறைந்தது. பேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்று தாகத்தோடு சாகவிட்ட வழக்கம் நம் ஊர்களிலும் இருந்தது. நீரே அரிதான நாட்டில் நாம் நீரை மறுத்தே எத்தனை பேரை இழந்தோமோ! அருகிலிருந்து, பொறுமையாக, அளவறிந்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுவதே அங்கே மருத்துவமாயிற்று.

இனி இறையியல் நோக்கில் ஒன்று. 1964-இல் ஜெர்மனியில் டூபிங்கனில் கூடிய ஆலோசனைக் கூட்டம், குணமாக்கும் பணி மருத்துவரிடம் மட்டும் விடப்பட்டதன்று, அது திருச்சபை முழுவதற்கும் உரியது என்று வற்புறுத்தியது. 1947 முதல் மதுரை–இராமநாதபுரம் பேராயத்தின் முதற்பேராயராயிருந்து, அருப்புக்கோட்டை வட்டாரச் சபைகளையும் மேய்த்த லெஸ்லி நியூபிகின் அச்சிந்தனையில் பங்கேற்றவர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. ஆயினும் 'சபை முழுவதும்' என்று சொல்லும்போது, ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருப்பவர் மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. லூக்கா பத்தாம் அதிகாரத்து உவமையில் நாம் நல்ல சமாரியனைப்பற்றியே பேசுகிறோம். அவன் மனதுருகினான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். அங்கே இரக்கமும் முறையறிவும் சேர்ந்தே செயற்படுகின்றன. ஆனால் மறுநாள் அவன் புறப்பட்டுவிட்டான். எஞ்சிய நாட்களெல்லாம் அந்த மனிதனுக்கு நீர் கொடுத்தவன் யார்? சத்திரத்தான். அவன் பணம் பெற்றுக்கொண்டு செய்தான் என்பதற்காக ஆண்டவர் அவனைக் குறை கூறவில்லை. செவிலியர் 'சம்பளத்துக்குத்தானே செய்கிறார்கள்' என்று சபைகளில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். போதகர்களாகிய நாமும் சம்பளம் பெறுகிறவர்களே. ரோமர் பதினாறாம் அதிகாரத்தில் பெபேயாளுக்கு வழங்கும் ஊழியக்காரி என்னும் சொல் மூலமொழியில் தியாகோனோஸ் என்பதாகும். அச்சொல்லை ஆண்களுக்கு வரும்போது பட்டமாகவும், பெண்ணுக்கு வரும்போது வேலையாகவும் வாசிக்கும் வழக்கத்தை நம் மாணவர்கள் கேள்விக்குட்படுத்தவேண்டும்.

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் இவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியைச் சந்திக்க மருத்துவமனைக்குச் சென்றேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். சங்கீதம் வாசித்து, நீண்டதொரு ஜெபம் செய்தேன். கண் திறந்தபோது, திரைக்கு அப்பால் ஓர் இளம் செவிலி, துணியால் மூடிய பெட்பேனைக் கையில் ஏந்தி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மூதாட்டி என் வருகைக்குமுன் அதைக் கேட்டிருந்தார். ஐயர் வந்துவிட்டாரே என்று வாய் திறவாமல் அடக்கிக்கொண்டிருந்தார். அச்செவிலி என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம் வெளியே இருங்கள், பிறகு வந்து பாட்டியோடு பேசுங்கள்" என்று மட்டும் சொன்னார். நான் வெளியே நின்ற அந்த நிமிடங்களில், உள்ளே அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, மூதாட்டி சிரிக்கும் ஓசை கேட்டது. என் ஜெபத்தின்போது அவர் சிரிக்கவில்லை. அன்றுமுதல் வார்டுக்குள் நுழையுமுன், 'இப்பொழுது வரலாமா?' என்று செவிலியரிடம் கேட்டுக்கொண்டே நுழைகிறேன்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரைக்கு வண்டி கட்டிய காலம் கதையாகிவிட்டது. அக்காலத்தை அறிந்த செவிலியருள் ஓய்வுபெற்ற சிலர் நம் சபைகளில் இன்னும் இருக்கின்றனர். எண்பதைக் கடந்தவர்கள், ஆராதனையில் பின்வரிசையில் அமர்பவர்கள். நம் சபைப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பத்திகள் உண்டு. இவர்கள் செய்ததற்குப் பத்தி இல்லை. கோடை விடுமுறையில் அருப்புக்கோட்டை, மண்டபசாலை, கமுதி, திருச்சுழிப் பக்கத்துச் சபைகளுக்குச் செல்லும் இறையியல் மாணவர்கள் ஒரு நோட்டுப்புத்தகத்துடன் அவர்களிடம் சென்று அமரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆண்டில் பயிற்சிக்குச் சென்றார்கள், வீட்டார் என்ன சொன்னார்கள், எந்தச் சாதி நோயாளி அவர்கள் கையால் தண்ணீர் வாங்க மறுத்தார், பின்னர் எந்த இரவில் வாங்கிக் குடித்தார் என்று கேளுங்கள். போதகர் வந்து நின்றபோது அவர்களுக்கு என்ன தோன்றிற்று என்பதையும் மறவாமல் கேட்டு எழுதுங்கள்.