750 ரூபாய்க் கோடு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலோ, தி. நகர் பனகல் பார்க் பக்கமோ டாக்டரிடம் காத்திருந்தவர்களுக்கு எங்களை ஞாபகம் இருக்கும். சித்திரை வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, கனத்த பையோடு வந்து, உங்களுக்கு முன்னால் உள்ளே நுழைவோமே, அந்த மெடிக்கல் ரெப் கூட்டத்தில் நானும் ஒருவன். நீங்கள் முறைத்த முறைப்பும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டாக்டரிடம் பேசக் கிடைப்பது இரண்டு நிமிஷம். அது கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் மாதக் கடைசியில்தான். 25ஆம் தேதி தாண்டினால் ஏரியா மேனேஜரின் குரல் மாறிவிடும். டார்கெட்டுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சரக்கையும் ஸ்டாக்கிஸ்ட் தலையில் கட்டியாக வேண்டும். "போன மாசச் சரக்கே தூங்குது சார்" என்பார் அவர். காலில் விழாத குறையாகக் கெஞ்சி பில் போட வைப்போம். பிறகு அதே சரக்கு காலாவதியாகித் திரும்பி வரும். அந்தத் திட்டும் எங்களுக்கே.

மாதாந்திர மீட்டிங்கில் டார்கெட் எட்டாதவர் எழுந்து நிற்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அப்பாவின் திதிக்கு லீவ் கேட்ட ஒருவரிடம், "லீவ் போட்டா அப்பா திரும்பி வரப்போறாரா? ஆர்டராவது வருமா பாரு" என்று மேனேஜர் சொன்னதை என் காதால் கேட்டேன். நாங்கள் சிரித்தோம். சிரிக்காவிட்டால் அடுத்தது நாம்தான்.

ஏன் பொறுத்துக்கொண்டோம் என்று பேரன் கேட்கிறான். அதற்குக் கொஞ்சம் சட்டக் கதை சொல்ல வேண்டும்.

1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 'தொழிலாளி' என்றால் உடலுழைப்பு வேலை அல்லது குமாஸ்தா வேலை செய்பவர். 1956ல் தொழில்நுட்ப வேலை, மேற்பார்வை வேலை எல்லாம் சேர்த்தார்கள். விற்பனை வேலை சேரவில்லை. மே அண்ட் பேக்கர் மருந்துக் கம்பெனி நீக்கிய ஒரு பிரதிநிதியைத் திரும்ப எடுக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட் 1961ல் அதை ரத்து செய்தது. அவருடைய முக்கிய வேலை சரக்குக்கு ஆதரவு திரட்டுவது, எனவே அவர் தொழிலாளி இல்லை என்பது வாதம். ஃபாக்டரியில் மாத்திரைக்கு உறை போடுபவருக்கு இருந்த பாதுகாப்பு, அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவனுக்கு இல்லை.

1963ல் அகில இந்திய அளவில் ரெப்கள் சம்மேளனம் அமைத்தார்கள். மாநிலங்களவையின் மனுக்கள் குழு 1972 மார்ச்சில் எங்களுக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் 1976ல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் வந்தது, அதுவும் எமர்ஜென்சி நடுவில்! நியமனக் கடிதம் கட்டாயம், 11 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவ், நோய்க்கு அரைச் சம்பள லீவ், தகராறு வந்தால் தீர்ப்பாயம் போகும் உரிமை. எல்லாம் சரி. ஆனால் கமிஷன் நீங்கலாக மாதம் 750 ரூபாய்க்குள், அல்லது கமிஷனும் சேர்த்து வருஷம் 9,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்குத்தான்.

1981ல் எனக்கு இன்கிரிமென்ட் வந்தது. 735 ரூபாய் 790 ஆனது. மாம்பலத்தில் வாடகை வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். லஸ் கார்னர் டீக்கடையில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி, வேலிக்கு வெளியே போயிட்டியே" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

1983ல் புரிந்தது. அடையாறு பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், ஸ்டாக்கிஸ்ட் தலையில் இனி சரக்குக் கட்ட மாட்டேன் என்று மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார். பத்தாவது நாள் ஒரு மாதச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். உடனே மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, நண்பர் ஒத்துழைக்காதவர், ஒழுங்கில்லாதவர் என்று டைப் அடித்த கடிதத்தை நீட்டினார். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டோம். எனக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, அப்போது மனதில் ஓடியதைச் சொல்கிறேன்.

கம்பெனி அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தது. ஆனால் அதிகாரி அதைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லையாம். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். 810 என்றார் நண்பர். அத்தோடு முடிந்தது.

1986ல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சம்பள வரம்பை எடுத்தார்கள். 1987 மே 6 முதல் அமல். 1994 ஆகஸ்டில் அத்யந்தாயா - சாண்டோஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், ரெப்களுக்கு 1947 சட்டப்படி தொழிலாளி என்ற தகுதி இல்லை, 1976 சட்டம் கொடுத்ததுதான் பாதுகாப்பு என்றார்கள். அதாவது 1987க்கு முன் கோட்டுக்கு மேலே சம்பளம் வாங்கியவருக்கு ஒன்றும் கிடையாது. தொழிலாளி என்ற வரையறைக்குள்ளேயே எங்களைச் சேர்க்க 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வர வேண்டியிருந்தது. அதற்குள் நான் பை தூக்குவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

1994 தீர்ப்புச் செய்தி வந்த பேப்பரைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். நண்பர் அங்கே சின்னதாக மருந்துக்கடை வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"அந்த லெட்டர்ல உன் கையெழுத்து மூணாவதா, நாலாவதா?" என்றார்.

"மூணாவது."

தலையை ஆட்டிக்கொண்டார். என் பி.பி. மாத்திரையைக் கவரில் போட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.